பேச்சு வைத்திருந்த ரூம்

பட்டாசு ஆலைக்குள் எந்தப் பொருளும் தன் இஷ்டத்துக்கு ஒரு மூலையில் கிடக்க முடியாது. அது எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கலாம், பக்கத்துப் பொருளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். இது ஒன்று புரிந்துவிட்டால் அழகுமீனாவுக்கு நேர்ந்தது முழுவதும் புரிந்துவிடும். ஆகையால் அதை முதலில் சொல்லிவிடலாம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். காய்ந்த காட்டுக்கு நடுவே சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். சேர்த்துக் கட்டினால் செலவு குறையுமே என்று தோன்றும். ஆனால் ஒரு ரூமில் தீப்பிடித்தால் அது அந்த ரூமோடு போக வேண்டும், அதற்காகத்தான் தூரம். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கிடையாது. ஆள் எத்தனை, மருந்து எவ்வளவு என்று வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கும். மருந்து என்றால் வெடிமருந்து. சில ரூம்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடும் போட்டிருப்பார்கள். அந்த விதிகளை அங்கே யாரும் கேலி பேசுவதில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வீட்டின் அழுகை இருக்கிறது.

ஆலையின் முன்பக்கம் இருந்த ஆபீஸுக்கு மட்டும் இந்தத் தூரக்கணக்கு கிடையாது. மருந்து இல்லாத இடம். ஒரே ஹால். எல்லாரும் முழங்கை இடிக்கிற மாதிரி சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கேதான் அழகுமீனா லோடு எழுதிக்கொண்டிருந்தாள். எந்த லாரியில் எந்த ஊருக்கு என்ன சரக்கு போகிறது என்பது அவள் பொறுப்பு. அவளுக்கு இடதுபக்கம் மாரிச்செல்வி, பில் போடுகிறவள்.

அழகுமீனாவுக்கு வீடு ஆனைக்குட்டத்தில். புருஷன் இறந்து பல வருஷம். மகள் பிரீத்தி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். மற்றபடி அந்த வீட்டில் குக்கர் விசிலும் டி.வி.யும்தான் சத்தம். ஆகவே ஒரு மனுஷியோடு முகம் பார்த்து அவள் பேசுவது என்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரிச்செல்வியோடு பேசுவதுதான். ஆலைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. வேலை முடிந்தால் ஒருத்தி வேன் மேற்கே போகும், ஒருத்தி வேன் கிழக்கே போகும். வீட்டுக்குப் போனால் மாரிச்செல்விக்கு மாமியார், ரெண்டு பிள்ளைகள், மாடு. அந்தச் சாப்பாட்டு நேரம் போனால் எல்லாம் போச்சு.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்த நேரத்தில், சின்ன முதலாளி மகேஷ்குமார் ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். பெயர் பிரபாகரன். கழுத்தில் மைக் மாட்டியிருந்தார். ஹாலில் மொத்தம் பதினோரு பேர். மைக் இல்லாமலே கேட்கும்.

"இங்க எல்லாரும் இன்னும் செஞ்சுக்கிட்டே இருக்கீங்க," என்று பரிதாபத்தோடு ஆரம்பித்தார் அவர். "கேட்கிறீங்க. பேசுறீங்க. சிரிக்கிறீங்க. அதனாலதான் முன்னேறல. பெரிய கம்பெனிகள்ல யாரும் எதையும் செய்யுறதில்ல. அவங்ககிட்ட எல்லாம் இருக்கு."

விளக்கமும் கொடுத்தார். ஆஸ்க், டாக், லாஃப், வெயிட் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சாதாரண இங்கிலீஷ் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றை இனிமேல் செய்கிற காரியமாகச் சொல்லக் கூடாது. கையில் இருக்கிற பொருளாகச் சொல்ல வேண்டும். 'நான் கேட்கிறேன்' என்பது பழசு. 'ஐ ஹேவ் ஆன் ஆஸ்க்', என்னிடம் ஒரு ஆஸ்க் இருக்கிறது என்பதுதான் புதுசு.

"ஒருத்தர்கிட்ட போய் ஒண்ணு கேட்டா நான் சின்ன ஆளு. என்கிட்ட ஒரு ஆஸ்க் இருந்தா நான் பெரிய ஆளு. என்னையே எடுத்துக்கோங்க. நான் எதையாவது செஞ்சே பல வருஷம் ஆச்சு. இப்ப எங்க நிக்கிறேன் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். ஃபேனுக்கு நேர் கீழே நின்றார்.

பிறகு ஆளாளுக்கு வாக்கியம் சொல்லச் சொன்னார். அழகுமீனாவுக்கு வந்த சொல் டாக். எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஐ ஹேவ் எ டாக் வித் மாரிச்செல்வி" என்றாள். கைதட்டினார்கள். அவளுக்கே ஆச்சரியம். ஆனைக்குட்டத்து வீட்டைத் தவிரத் தன் பெயரில் வேறு ஒன்றும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்தது மாரிச்செல்வி. எழுந்தவள், "ஐ ஹேவ் எ..." என்றதுமே பொங்கிக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் கவிழ்ந்துவிட்டாள்.

"அதேதான்!" என்று கத்தினார் பிரபாகரன். "ஷீ ஹேஸ் எ லாஃப்!"

ஆளுக்கு ஒரு சொல் என்று மகேஷ்குமார் அங்கேயே பிரித்துக் கொடுத்தார். டாக் அழகுமீனாவுக்கு, லாஃப் மாரிச்செல்விக்கு, வெயிட் கேட்டில் இருக்கும் பொன்னுத்தங்கத்துக்கு. வின் என்கிற சொல்லைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். டீயும் வடையும் வந்துவிட்டன. அப்போதுதான் போர்மேன் தங்கப்பாண்டியன் எழுந்தார். ஆலைக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு அவர்தான் பொறுப்பு. நேர்மையான மனுஷன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த ரூமில் என்ன இருக்கிறது என்று சொல்லுவார். வீட்டில் எழுப்புவதற்கு ஆள்தான் கிடையாது.

"தம்பி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி. உங்ககிட்ட ஒரு டவுட் இருக்கு."

"ஆமா, இருக்கு. பொருளுன்னு சொல்லிட்டீக. பொருளுன்னா அது எங்கன இருக்கு, எம்புட்டு இருக்குன்னு நான் சொல்லியாகணும். நாளைக்கு ஒருத்தர் சோதனைக்கு வந்து, 'உங்க வளாகத்துல டாக் இருக்காமே, எங்கன வச்சிருக்கீக'ன்னு கேட்டா நான் என்னத்தக் காட்டுறது?"

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் சிரிப்பு இப்போது மாரிச்செல்வியின் சொத்து. அடுத்தவர் அதை எடுக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியைக் கண்டதும் மகேஷ்குமாருக்குப் புல்லரித்துவிட்டது. பெரிய யோசனை பிறக்கும்போது ஹால் அமைதியாகிவிடும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க ஒருத்தருக்குத்தான் இது புரிஞ்சிருக்கு. நீங்களே ஏற்பாடு பண்ணிடுங்க."

தங்கப்பாண்டியன் பண்ணினார். முறைப்படி பண்ணினார்.

புது மருந்து எதுவானாலும் முதலில் சிட்டிகை எடுத்து உரசிப் பார்ப்பார்கள். எதோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்று தெரிய வேண்டும். அதுபோல அவர் அழகுமீனாவையும் மாரிச்செல்வியையும் ஒரு காலி ரூமில் எதிரெதிரே உட்காரவைத்து, மணல் வாளியோடு வாசலில் நின்றுகொண்டு, "ம், கொஞ்சமா பேசுங்கம்மா" என்றார்.

"என்னக்கா பேசுறது?"

"தெரியலயே. அண்ணாச்சி நம்மளை வெடிச்சுருவோம்னு பாக்காரு."

மாரிச்செல்வி சிரித்தாள். அதைக் கேட்டு வெளியே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ரெண்டு பேர் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து லாரி டிரைவர் சிரித்தார். கேட்டில் இருந்த பொன்னுத்தங்கம் வரைக்கும் போய்விட்டது. தங்கப்பாண்டியனின் முகம் வெளுத்தது. குளோரேட்டும் கந்தகமும் மாதிரி சேரவே கூடாத ரெண்டு பொருள்கள் இவ்வளவு காலமும் ஒரே ஹாலில், முழங்கை தூரத்தில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்திருக்கின்றன.

அன்றைக்குச் சாயங்காலமே ரெண்டு காலி ரூம்களுக்கு வெள்ளையடித்தார்கள். மேற்கு ரூம் சுவரில், 'டாக். ஆள்: 1' என்று எழுதினார்கள். மண்மேட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த ரூமில், 'லாஃப். ஆள்: 1'. ரெண்டு வாசலிலும் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் வந்தன. அழகுமீனாவின் நாற்காலியை ஒருவர் தூக்கிப்போக, அவள் டிபன் பாக்ஸோடு பின்னால் போனாள்.

முதல் நாள் அவளுக்கு இது விளையாட்டாகத்தான் பட்டது. லோடு விவரம் ஜன்னல் வழியே வந்தது. எழுதி ஜன்னல் வழியே கொடுத்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து மொச்சைக் குழம்பின் வாசனை வந்ததும், பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பி, "ஏத்தா, உனக்குக் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள். இடதுபக்கம் சுவர்.

ஜன்னலில் தங்கப்பாண்டியனின் தலை தெரிந்தது.

"மீனாம்மா, தனியா இருக்கும்போது பேசாதீக. இருப்பு குறைஞ்சிரும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வேலை செய்கிற இடத்தில் சொன்னதைக் கேட்கிற பெண் அவள். நாட்கள் போயின. மண்மேட்டுக்கு அப்பால் தினமும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மாரிச்செல்வியின் சிரிப்பு கேட்கும். சரக்கு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அது ஸ்டார்ட் ஆகாமல் முக்குகிற மோட்டார் மாதிரி இருக்கும். அதைக் கேட்பதற்காகவே அழகுமீனா பேனாவை வைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பாள். சிரிப்பு நின்றதும் உட்கார்ந்துகொள்வாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஒருநாள் நினைத்தாள். விட்டுவிட்டால் ஆனைக்குட்டத்து வீட்டில் மண்மேட்டுக்கு அப்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த யோசனையை அத்தோடு விட்டாள்.

கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மகேஷ்குமாரிடம் போனாள். "தம்பி, மத்தியானம் சாப்பிடுற நேரத்துக்கு மட்டும் என்னைய மாரிச்செல்விகூட உக்கார விடுங்க" என்றாள்.

"அருமை!" என்றார் அவர். "உங்ககிட்ட ஒரு ஆஸ்க் இருக்கு!"

ஆஸ்க் வைப்பதற்கு ஒரு ரூம் இருந்தது. அதில் நாலு ஆஸ்க்குகளுக்குத்தான் இடம். நாலும் மகேஷ்குமாருடையவை. அவர் தன் அப்பாவிடம் புதுக் கார் வேண்டும் என்றது, ஏ.சி. வேண்டும் என்றது, பிரபாகரனை வைத்து இன்னொரு பயிற்சி நடத்த வேண்டும் என்றது, மீண்டும் புதுக் கார். இதில் ஒன்று தீர்ந்தால்தான் அடுத்தது உள்ளே வர முடியும்.

"அதுவரைக்கும் நான் காத்திருக்கணுமா தம்பி?"

மகேஷ்குமாருக்கு மனம் வருந்திவிட்டது. "இந்தக் கம்பெனியில யாரையும் காக்க வைக்கிறதில்லக்கா. அது பழைய முறை. உங்களுக்கு ஒரு வெயிட் கொடுக்கிறோம். தரமான வெயிட். கேட்ல போய் பொன்னுத்தங்கம் அக்காகிட்ட வாங்கிக்கோங்க."

பொன்னுத்தங்கம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். "இதுல உக்காருங்க. அம்புட்டுதான் என்கிட்ட இருக்கு" என்றாள். அவளோடாவது ரெண்டு வார்த்தை பேசலாம் என்று அழகுமீனா வாயைத் திறந்தாள். பொன்னுத்தங்கம் அவசரமாகக் கையை ஆட்டினாள். "வேண்டாம்த்தா. டாக்கும் வெயிட்டும் சேந்தா என்ன ஆகும்னு இன்னும் உரசிப் பாக்கலயாம்."

இப்படி இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பிரபாகரன் அழைத்து வந்த குழு. பயிற்சியில் தேறிய கம்பெனிகளைப் பார்த்துக் கேடயம் கொடுப்பது அவர்கள் வேலை. தலைவர் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொரு ரூமாகப் பார்த்தார். ஆஸ்க் ரூமைப் பார்த்துத் தலையசைத்தார். டாக் ரூமுக்கு வந்ததும் உருகிவிட்டார்.

"எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்திருக்கேன்," என்றார் மகேஷ்குமாரிடம். "எல்லா இடத்துலயும் பேசிக்கிட்டே இருக்காங்க. பேச்சு அப்படியே வீணாப் போகுது. இங்கதான் ஒரு பேச்சு முழுசா, ஒரு வார்த்தை குறையாம, அப்படியே இருக்கு. ஊழியர்களோட பேச்சுக்கு மதிப்பு கொடுக்கணும்னு நான் மேடைக்கு மேடை சொல்றேன். யாரும் கேட்கிறதில்ல. நானும் யாரையும் கேட்கிறதில்ல. நீங்க ஒருத்தர்தான் அதைப் பூட்டியே வச்சிருக்கீங்க!"

கைதட்டல் ஓய்ந்ததும், "கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார்.

எல்லாரும் அழகுமீனாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். இத்தனை பேர் ஒன்றாக அந்த ரூமுக்குள் வந்ததே இல்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தாள். "ஐ..." என்றாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். தமிழிலாவது சொல்லலாம் என்று பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

தங்கப்பாண்டியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சந்தேகத்துக்குரிய சரக்கைப் பார்க்கிற மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார். அந்த ஈரமான கண்களைப் பார்த்தார். பிறகு மகேஷ்குமாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, சரக்கு நமுத்துப்போச்சு."

நமுத்துப்போவது என்பது பட்டாசுக்காரர்களுக்குப் பெரிய பயம். ஈரக்காற்றில் அடைத்துக் கிடந்த வெடி, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். திரியில் தீ வைத்தால் சீறும், அணையும். அது எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் நல்ல சரக்கோடு அதை வைத்திருக்கவே கூடாது. சுற்றுச்சுவருக்கு வெளியே, பொட்டல் காட்டுக்குக் கொண்டுபோய்த் தீர்த்துவிட வேண்டும். தனியாக வைத்தால் பிடிக்காது. பிடித்துக்கொடுக்க நல்ல சரக்கு ஒன்று கூடவே வேண்டும்.

"எதோட சேத்தா இது பிடிக்கும்?" என்று கேட்டார் மகேஷ்குமார்.

"லாஃபோடதான். நான்தான் உரசிப் பாத்தேனே."

கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் குழு சாப்பிடப் போனது. தங்கப்பாண்டியன் ரெண்டு பெண்களையும் பின்கேட் வழியாகக் காட்டுக்குள் கூட்டிப்போனார். முள்ளு நிறைந்த ஒரு உடைமரத்தடியில் உட்காரச் சொன்னார். பிறகு திரும்பி நடந்து, வெகுதூரம் போய், சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப்பக்கம் சிவப்புக் கொடியோடு நின்றுகொண்டார். முழுவதும் தீர்ந்து, புகையும் அடங்குகிறவரை யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவரும்தான்.

அழகுமீனாவும் மாரிச்செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரிச்செல்வி இளைத்திருந்தாள்.

"சாப்பிட்டீகளாக்கா?"

அழகுமீனா தலையை ஆட்டினாள்.

"பிரீத்தி பேசுச்சா?"

மறுபடி தலையாட்டல். காற்று அடித்தது. உடைமரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. அவ்வளவுதான் போல என்று அழகுமீனாவுக்குத் தோன்றியது. உள்ளே எல்லாம் ஊறிப்போய்விட்டது.

மாரிச்செல்வி தரையைக் கீறிக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சிரிக்கவே வரமாட்டேங்குதுக்கா. அந்த ரூம்ல ஒரு பல்லி இருக்கு. காலைல நான் சிரிச்சுக் காட்டுனா அது சுவரை விட்டுக் கீழ விழுந்து ஓடுது. வீட்டுல சின்னவன் ஏதோ சொன்னான், சிரிச்சேன். பயந்துபோயி அப்பத்தாகிட்ட போயிட்டான்."

அழகுமீனா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கோழிக்கடை," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"என்னது?"

"ஞாயித்துக்கிழம கோழிக்கடைக்குப் போனேன். எம்புட்டுன்னு கேட்டான். கால் கிலோன்னு சொல்லணும், வாய் வரல. விரலைக் காட்டுனேன். பதட்டத்துல ரெண்டு விரலை நீட்டிட்டேன் போல. ரெண்டு கிலோவை வெட்டிட்டான்."

மாரிச்செல்வி நிமிர்ந்தாள்.

"வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. நான் ஒத்த ஆளு. அன்னையிலருந்து கோழிதான் தின்னுக்கிட்டிருக்கேன். காலைல கோழி. ராத்திரி கோழி. நேத்து டி.வி.யில ஒரு அம்மா கோழி வறுவல் செஞ்சு காட்டுனா, ரிமோட்டத் தூக்கி எறிஞ்சுட்டேன்."

முதலில் மாரிச்செல்வியின் தோள்தான் குலுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்துவிட்டாள். அழகுமீனாவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமலே அடுத்ததைச் சொன்னாள், அதற்கடுத்ததைச் சொன்னாள். டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் தான் பதில் வணக்கம் சொல்லுவதைச் சொன்னாள். ராத்திரி மின்சாரம் போனால் அந்தப் பெண்ணும் போய்விடுகிறாள் என்பதைச் சொன்னாள். அதற்கு மாரிச்செல்வி சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. ஆலையில் வேன்கள் ஹார்ன் அடித்தன. மேற்கே ஒன்று போனது. கிழக்கே ஒன்று போனது. பெண்கள் ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதாம்மா?" என்று கோட்டுக்கு அப்பாலிருந்து தங்கப்பாண்டியன் குரல் கொடுத்தார்.

"இன்னும் புகையுது அண்ணாச்சி!" என்று கத்தினாள் மாரிச்செல்வி. "கிட்ட வந்துராதீக!"

அவர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழகுமீனா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பொட்டலில் ஒற்றை ஆளாக, சின்னதாக, கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் போய்விட்டது, அவரும் போகவில்லை. இவர்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளையும் கூப்பிடுவோமா?" என்றாள் அழகுமீனா.

"வருவாராக்கா?"

"கேட்டுப் பாப்போம். அண்ணாச்சி! நீங்களும் இங்கன வாங்க! சும்மா பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்!"

தங்கப்பாண்டியன் எழுந்தார். கோட்டைப் பார்த்தார். செருப்புக் காலை ஒருதரம் தூக்கி, தூக்கின இடத்திலேயே வைத்தார். பிறகு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டுக்கு அந்தப்பக்கமே மறுபடியும் உட்கார்ந்தார். உட்கார்ந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசும்படி மற்றக் கையால் சைகை காட்டினார்.